வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பழைய காரைச் சீரமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் 1969ஆம் ஆண்டு நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து சீரமைத்தேன். நான் தொழிலால் கணக்கர், மெக்கானிக் அல்லன். வண்டி வெளியே வந்த நாள்முதல் பெட்ரோல் பங்கிலும் கோயில் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களையும், கேட்டவர்களுக்கு நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

இது ஃபியட்டா, மாரிஸா சார்?

இரண்டும் இல்லை. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டியை, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாரித்தார்கள். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் உருவானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி. 948 சி.சி. எஞ்சின், முதலில் இரண்டு கதவு, 1960களின் இறுதியில் நான்கு கதவு, பிறகு கஸல் என்ற அடுத்த மாடல்.

வீட்டில் சீரமைக்க நினைப்பவருக்கு இந்த வண்டியில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபியட்டிலும் அம்பாசிடரிலும் உடலே சட்டம். தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலுவே போய்விடும். ஹெரால்டில் அடியில் தனிச் சாஸி, அதாவது இரும்புச் சட்டம், இருக்கிறது. அதன்மேல் உடலின் பகுதிகள் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கின்றன. பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து திறந்துவிடுவதால், முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். முதுகு வலி பாதியாகக் குறையும்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. நான் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்ற கோட்டை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். கழற்றுதல், சுத்தம் செய்தல், அளத்தல், பூட்டுதல், வயரிங், பிரேக் ரப்பர்கள், மெத்தை வேலையில் ஒரு பகுதி ஆகியவை பொறுமையுள்ள எவருக்கும் கைவரும். சிலிண்டர் போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குதல்), கிராங்க் கிரைண்டிங் (எஞ்சினின் சுழல்தண்டைச் சாணை பிடித்தல்), சாஸி வெல்டிங் ஆகியவை லேத் பட்டறைக்கும் தேர்ந்த வெல்டருக்கும் உரியவை.

வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எஞ்சின் ஓடுகிறதா என்றா?

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். ஓடாத எஞ்சினைச் சரிசெய்வதற்குக் கணக்கிடக்கூடிய செலவு ஆகும். துருவுக்குக் கணக்கே கிடையாது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடி, மட்கார்டு ஓரம், டிக்கியின் தரை என்று மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பசைதான் இருக்கிறது.

பிறகு படுத்துப் பாருங்கள். சாஸியின் நடுத் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், டிக்கிக்கு அடியில் இருக்கும் கைகளும்தாம் முதலில் அரிக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்தது பொத்தென்று கேட்கும். எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்தருகே நடுத் தண்டே அரித்திருந்தால், உரிமையாளர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள பக்கத்தகடு துருப்பிடித்திருப்பது அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமல்ல. அது எடை தாங்குவதில்லை, கழற்றி மாற்றக்கூடியது.

ஆர்.சி. புத்தகம் இல்லை, வண்டி மட்டும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாகங்களுக்காக வாங்கலாம், ஓட்டுவதற்காக வாங்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள சாஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் காலமாகி வாரிசிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், முதலில் படிவம் 31இன் வழியாக வாரிசின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வேறு மாநில வண்டியானால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை முறை புதுப்பிக்கத் தவறியிருக்கிறார்கள் என்பதையும் விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு இடம், என்னென்ன கருவி வேண்டும்?

கதவுகளை முழுதாகத் திறந்து சுற்றி நடக்கும் அளவுக்குக் கூரையுள்ள இடமும், கழற்றியவற்றை வைக்க அதே அளவு இன்னோர் இடமும் வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு வெளியே இரண்டு ஆண்டுகள் கியர்பாக்ஸ் இருந்தது.

ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவிலானவை. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள்தாம் அன்றாடம் கையில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு ஒருமுறை முனையை உருட்டிவிட்டால் அந்த போல்ட் ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடும். போல்ட்டை அளவான இறுக்கத்தில் முடுக்கும் டார்க் ரெஞ்சும், மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜும் கட்டாயம் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பியோ, செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கியோ வண்டிக்கடியில் போகாதீர்கள். அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். நான்கு இரும்பு ஸ்டாண்டுகளே இந்த வேலையின் முதல் செலவு.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் வேலை சுலபம் இல்லையா?

இல்லை. வீட்டுச் சீரமைப்புகள் பெரும்பாலும் நின்றுபோவது இந்த இடத்தில்தான். பிரிப்பதற்கு இரண்டு வார இறுதிகள் போதும். பூட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும், ஆர்வமும் வடிந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் விற்பனைக்கு வரும் அரைகுறை வண்டிகளைப் போய்ப் பாருங்கள்: எல்லாம் அட்டைப்பெட்டிகளில் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்பதுதான் என் விதி. முன் சஸ்பென்ஷனை எடுத்தால் அதை முடித்துப் பூட்டிய பிறகே பின்பக்கம். வண்டி எப்போதும் தன் சக்கரங்களில் உருளும் நிலையில் இருக்கட்டும். கழற்றுவதற்கு முன்பு படம், கழற்றும்போது படம், கழற்றிய பிறகு ஒரு படம். திருகுகளை ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, "இடது முன்கதவு, மேல் கீல்" என்று எழுதிய சீட்டை பாட்டிலுக்குள்ளேயே வையுங்கள்; வெளியே ஒட்டினால் எண்ணெய் பட்டு உதிர்ந்துவிடும்.

உடலைச் சாஸியிலிருந்து தூக்கித்தான் ஆக வேண்டுமா?

சாஸி நன்றாக இருந்தால் வேண்டாம். பக்கக் கைகளை வெட்டி ஒட்டவேண்டியிருந்தால், உடல் மேலே பூட்டியிருக்கும்போதே ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போவது நல்லது. அப்போது உடலே சாஸியை அளவில் பிடித்துக்கொள்ளும்.

தூக்கத்தான் வேண்டும் என்றால், உடலுக்கும் சாஸிக்கும் நடுவில் உள்ள பட்டைகளை அற்பமாக நினைக்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பட்டை, எவ்வளவு தடிமன் என்று எழுதி வையுங்கள். கதவு இடைவெளி அவற்றால்தான் அமைகிறது. நான் எழுதாமல் விட்டதன் பலனாகப் பின்கதவு ஒன்று பூட்டிக்கொள்ளாமல் மூன்று மாதம் படுத்தியது. கதவைத் தட்டி, கீலை வளைத்து, எல்லாம் செய்த பிறகு, கடைசியில் ஒரு போல்ட்டின்கீழ் ஒரே ஒரு பட்டையைச் சேர்த்ததும் சத்தமில்லாமல் மூடியது.

துருவைச் சுரண்டிவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் போதாதா?

ஒரு மழைக்காலத்துக்குப் போதும். உப்புக்காற்று வீசும் ஊரில் வெறும் தகரத்தை இரவு முழுவதும் திறந்து வைத்தாலே காலையில் செந்நிறம் படர்ந்திருக்கும். ஆகவே ஒரு நாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவு பரப்பை மட்டும் அன்று சுரண்டுங்கள். மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி, கழுவி நன்றாக உலர்த்தியபின் எபாக்ஸி பிரைமர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்ட வேண்டும்.

சாண்ட் பிளாஸ்டிங் சாஸிக்கு நல்லது. பானெட், கதவு போன்ற மெல்லிய தகடுகளுக்கு வேண்டாம், நெளிந்துவிடும். பெட்ரோல் டேங்கை, காலியாகப் பத்து ஆண்டு கிடந்ததாக இருந்தாலும், வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு நான்காம் கியரில் வைத்து வண்டியைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு விரலளவு நகர்ந்தால் மீதியும் நகரும். சுற்ற ஆரம்பித்ததும், பிளக்கைப் போடும் முன், மிச்ச எண்ணெயை வெளியே தள்ளிவிடுங்கள்.

எஞ்சினை நானே பிரித்துப் பூட்டலாமா?

பிரிக்கலாம், பூட்டலாம். நடுவில் லேத் பட்டறை. அவர்களிடம் கொடுக்கும் முன் எந்த ஓவர்சைஸ் (கூடுதல் அளவு) பிஸ்டன் கிடைக்கும் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்; சிலிண்டரைக் குடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுகிறவர்கள் பலர். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.010 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2.

இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு பலவீனத்தைச் சொல்லவேண்டும். கிராங்க் ஷாஃப்ட் முன்பின்னாக நகராமல் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்தால், நழுவி ஆயில் தொட்டிக்குள் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க் நேராக பிளாக்கையே தின்னும். வாங்கும்போதே சோதிக்கலாம்: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்க புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் ஆபத்து. இருக்கவேண்டிய ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலம்தான்.

முன் சக்கரத்துக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். முன் சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனையில் திருகுமரை இருக்கிறது. அது ட்ரனியன் எனப்படும் பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகுத் தண்டு பித்தளைக்குள் திருகித் திருகி அவிழ்கிறது. முன்பக்க எடை முழுவதும் அந்த மரையில்தான். தயாரிப்பாளரின் கையேடு அதற்குச் சொன்னது கிரீஸ் அல்ல, கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஈ.பி. 90 ஆயில். கிரீஸ் மரையின் பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலேயே இறுகிவிடும். கீழே தண்ணீர் தங்கும். தண்ணீர் தங்கிய இடத்தில் எஃகு அரிக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும்.

என் வண்டியில் இடப்பக்க ட்ரனியனைக் கழற்றியபோது உள்ளேயிருந்து வந்தது மெழுகுபோல் கட்டித்த கறுப்பு கிரீஸ். மண்ணெண்ணெயில் கழுவியதும் தண்டின் கடைசி மூன்று மரைகளில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தன. வண்டியைக் கவனித்துவந்த பட்டறை பல ஆண்டுகளாகத் தவறாமல் கிரீஸ் அடித்திருக்கிறது. அக்கறையோடு செய்த தவறு. குழி விழுந்த தண்டை எவ்வளவு மெருகேற்றினாலும் திரும்பப் போடாதீர்கள். இடது, வலது ட்ரனியன்களின் மரைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை கொண்டவை என்பதால் மாற்றி வாங்கிவிடவும் கூடாது. பூட்டிய பிறகு, வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில், மேலே கசியும்வரை ஆயிலைச் செலுத்துங்கள். கொஞ்சம் ஓட்டினாலும் நிறைய ஓட்டினாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

பிரேக் இப்போது பிடிக்கிறது. அதைத் தொட வேண்டுமா?

முதலில் தொடவேண்டியதே அதுதான். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவப் பாதை. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும், மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், ஹோஸ்கள் அனைத்தையும் தேய்ந்ததா என்று பார்க்காமலே மாற்றுங்கள். குழாயைச் சாதாரணச் செம்பில் போட்டுத் தரும் பழக்கம் உண்டு. அது அதிர்வில் இறுகி வெடிக்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரம்மில் உள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள்.

வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் எல்லாம் ஒரே சிவப்பு வயரில் போட்டுவிடுகிறார். என்ன செய்வது?

நீங்களே போடுங்கள், இது உட்கார்ந்து செய்யும் வேலை. லூகாஸ் நிறமுறை எளிது: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, சாவி திருப்பினால் வருவது வெள்ளை, ஃபியூஸ் தாண்டி வருவது பச்சை, ஹெட்லைட் நீலம், சிறு விளக்குகள் சிவப்பு, எர்த் கறுப்பு. பழைய வயர்க்கட்டை அப்படியே தரையில் விரித்து, ஒரு பலகையில் ஆணி அடித்து, அதே நீளத்தில் புதியதைக் கட்டுங்கள். ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ் சேர்ப்பதை மட்டும் பழமைக்காகத் தவிர்க்காதீர்கள்.

பேட்டரி இணைக்கும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த். பழக்கதோஷத்தில் மாற்றி இணைத்தால் டைனமோவும், அதன் சார்ஜை ஒழுங்குபடுத்தும் கட்அவுட்டும் பாடம் புகட்டும்.

இப்போதைய பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பெட்ரோலில் ஈயம் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தை அந்த ஈயம்தான் மெத்தைபோல் காத்தது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை எப்படியும் கழற்றும்போது கடினமான வால்வு சீட்டுகளைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

இரண்டாவது, 20 சதவீத எத்தனால். அது பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் இளக்கும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எத்தனால் தாங்கும் குழாய்க்கும் டயஃப்ரத்துக்கும் மாறுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டிவரலாம். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்துவிடுங்கள்.

பெயின்ட்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

சாஸிக்கும் உட்பகுதிகளுக்கும் அடிக்கலாம். வெளிப்பூச்சை, நேர்மையாகச் சொன்னால், நான் வெளியே கொடுத்தேன். இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டின் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதற்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துப் பனிபடர்ந்ததுபோல் ஆகிவிடும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

மூன்று வழிகள். புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள், இங்கிலாந்தில் டிரையம்ஃப் வண்டிகளுக்கு இன்றும் புதிதாகப் பாகம் செய்து அனுப்பும் கடைகள், லேத் பட்டறை. எஞ்சின், பிரேக், ட்ரனியன் எல்லாம் இரண்டாம் வழியில் வரும். நான்கு கதவு உடலும் அதன் கண்ணாடிகளும் இங்கேயே உருவானவை, ஆகவே வெளிநாட்டில் தேடிப் பயனில்லை. கதவுக் கண்ணாடியைக் கழற்றும் நாளில் வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சந்தைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் விவரித்து வாங்கியவை என் கொட்டகையில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு மாருதி எஞ்சினைப் போட்டுவிடலாமே?

போட்டவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் எண் மாற வேண்டும். அதைவிட முக்கியமாக, அடுத்து வரும் கேள்விக்கான தகுதியும் போய்விடும்.

வி.ஏ. நம்பர் என்கிறார்களே, எனக்கு அது தேவையா?

2021இல் வந்த மத்திய விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சாஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஓட்டுகிறேன். அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துவருகிறேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்?

நான் ஓராண்டு என்று நினைத்தேன், ஐந்தாண்டு ஆனது. பணம் நினைத்ததைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். கணக்கர் சொல்கிறேன்: ஒவ்வொரு ரசீதையும் எழுதி வையுங்கள், கூட்டிப் பார்க்காதீர்கள். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால், யாரோ சீரமைத்து முடித்த வண்டியை வாங்கிக்கொள்வதே மலிவு.

எல்லாம் முடிந்தது. வளைவில் பின்பக்கம் தூக்கி அடிப்பதுபோல் இருக்கிறதே, எதைத் தவறாகப் பூட்டினேன்?

பெரும்பாலும் எதையும் தவறாகப் பூட்டவில்லை. ஹெரால்டின் பின் அச்சு இரண்டு துண்டாக, டிஃபரன்ஷியலை மையமாகக் கொண்டு இறக்கைபோல் மேலும் கீழும் அசைவது. வளைவில் வேகமாக நுழைந்து, பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், பிடிப்பு போய்விடும். கஸலில் இதை மாற்றி ஒரே அச்சாக வைத்தார்கள்.

முதலில் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தளர்ந்திருக்கின்றனவா, டயர்களில் காற்று கையேட்டின்படி இருக்கிறதா, முன்னுக்கு ஒருவகை டயரும் பின்னுக்கு இன்னொருவகையும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் மாறவேண்டியது உங்கள் கால். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியபடியே வெளியேறுங்கள். பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துகொள்ளும்.